கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் வேண்டாம்

கேள்வி: எனக்கு 31 வயது. சென்னையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரோடு பைக்கில் மாமல்லபுரம் வரை போய் வருவேன். என் தாய்மாமாவுக்கு 59 வயது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைக்கு முப்பது வருடத்துக்கு மேலாகச் சைக்கிளில்தான் போய் வருகிறார். வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். அத்தை மார்பகப் புற்றுநோயால் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில்தான் சிகிச்சை நடந்தது. அந்த மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காக, ஓய்வு பெற்ற கையோடு ஜூன் முதல் வாரம் அடையாறிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போகவேண்டும் என்கிறார். ஐந்து நாளில் முடிப்பதாகத் திட்டம். "நீயும் வா பாப்பா" என்றார், சரி என்றுவிட்டேன். பணிமனை நண்பர்கள் 22 பேர் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாமாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். வலது முட்டி அவ்வப்போது வலிக்கும், ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார். தன்னுடைய பழைய சைக்கிளில்தான் வருவாராம். மாமாவின் அக்காவான என் அம்மா, இது வேண்டவே வேண்டாம் என்கிறார். மாமாவை நம்பி நான் கிளம்பலாமா?

பதில்: கிளம்புங்கள். முப்பது வருடம் தினமும் மிதித்த கால்கள் அவருடையவை. 59 வயதும் சர்க்கரையும் மட்டும் இந்தப் பயணத்துக்குத் தடை இல்லை. ஆனால் ஜூன் மாதம் வேண்டாம், ஐந்து நாள் கணக்கு வேண்டாம். எல்லாவற்றுக்கும் முதலில், கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்ற பேச்சை எடுத்துவிடுங்கள்.

நான் இயன்முறை மருத்துவர். முட்டியையும் சர்க்கரையையும் பற்றித்தான் முதலில் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பணத்திலிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பாவும் நானும் மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சைக்கிளில் போனோம். அவர் படித்த அரசுப் பள்ளிக்கு பெஞ்சு வாங்குவதற்காக. எங்களுக்கும் உங்களைப் போலவே கிலோமீட்டர் கணக்கில்தான் நண்பர்கள் பணம் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் இரவு ராமநாதபுரத்தில் தங்கினோம். குளித்துவிட்டு வந்த சித்தப்பா ரொம்ப நேரமாக முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கூப்பிட்டு, "இந்தப் பட்டனைப் போட்டு விடும்மா" என்றார். சட்டையின் எல்லாப் பித்தானும் திறந்து கிடந்தது. பரமக்குடி தாண்டியதிலிருந்தே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருந்ததாம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் பக்கத்திலேயே வந்த எனக்கு அது தெரியவில்லை, இதே தொழிலில் இருந்தும்.

உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டை ஒட்டி ஒரு நரம்பு மேலாக ஓடுகிறது. உடம்பின் எடையை ஹேண்டில்பாரில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் அழுத்தினால் அந்த நரம்பு நசுங்கும். முதலில் மரத்துப்போகும். அப்போதே கையை மாற்றிப் பிடித்து, இறங்கி இளைப்பாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் விரல்களின் நுண்ணிய பிடி தளர்ந்துவிடும். பித்தான் போடுவது, சாவி திருப்புவது, பேனா பிடிப்பது எல்லாம் தடுமாறும். மறுநாள் பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று எவ்வளவோ சொன்னேன். "இன்னும் அறுபது கிலோமீட்டர் பாக்கி இருக்கும்மா, அவங்களுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது?" என்றார். பாம்பன் பாலத்தையும் தாண்டி ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தோம், பெஞ்சும் வந்தது. அவர் விரல்கள் பழையபடி பித்தான் போட நான்கு மாதம் ஆயிற்று.

சித்தப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது. உங்கள் மாமாவுக்கு உண்டு. பத்து வருடச் சர்க்கரையில் நரம்புகள் ஏற்கெனவே கொஞ்சம் நொந்திருக்கக்கூடும், அழுத்தத்தைத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். வலியை வெளியில் சொல்லாத மனிதர், கூடவே கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசப்பட்ட பணம். இரண்டும் சேரும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. முட்டி வலிக்கும்போது அவர் மனசுக்குள் ஓடப்போவது வலி அல்ல, நின்றுவிட்டால் 22 பேரிடமிருந்து எத்தனை ரூபாய் குறையும் என்ற கணக்குதான்.

வழி சுமார் 700 கிலோமீட்டர். ஆளுக்கு ஏழாயிரம், 22 பேருக்கு 1,54,000 ரூபாய். அந்த நண்பர்களிடம் மாமாவே போய்ப் பேசட்டும்: "கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தாலும் சரி, விழுப்புரத்திலேயே திரும்பினாலும் சரி, கொடுக்க நினைத்ததைக் கிளம்பும் முன்பே மருத்துவமனைக்கு நேராகக் கட்டிவிடுங்கள்." அத்தையை நினைத்துக் கொடுப்பவர்கள் யாரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள். முதல் மிதி மிதிப்பதற்கு முன்பே பணம் போய்ச் சேர்ந்துவிட்டால், வழியில் நிற்கவும் திரும்பவும் மாமாவுக்கு முழு உரிமை கிடைத்துவிடும். உங்கள் கடிதத்துக்கு நான் சொல்லும் பதிலில் முக்கியமானது இதுதான்.

போய்ச் சேராவிட்டால் நிதி திரட்டியதற்கு அர்த்தமில்லை என்று மாமா நினைத்தால், டெர்ரி ஃபாக்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்த கனடா நாட்டு இளைஞர். 1980 ஏப்ரலில், செயற்கைக் காலோடு நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடக் கிளம்பினார். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நுரையீரலுக்கு நோய் பரவிவிட்டதால் செப்டம்பர் 1 அன்று தண்டர் பே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓட்டத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. மறுகரையை அவர் பார்க்கவில்லை. மறு வருடம் ஜூனில், 22 வயதில் இறந்துபோனார். ஆனால் 1981 பிப்ரவரிக்குள் இரண்டு கோடியே நாற்பது லட்சம் கனடா டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. ஓட்டம் பாதியில் நின்ற பிறகும் பணம் வந்துகொண்டே இருந்தது.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். யாருடைய சொந்தக் கணக்குக்கும், உங்கள் ஜிபேக்கும்கூட, பணம் வரவேண்டாம். மருத்துவமனையின் நன்கொடைப் பிரிவில் முதலிலேயே பேசி, அவர்கள் தரும் கணக்கு எண்ணைத்தான் எல்லோருக்கும் அனுப்பவேண்டும். எல்லோரும் 80ஜி என்று சொல்லும் வரிச்சலுகை ரசீது, கொடுத்தவர் பெயருக்கே வரும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர்கள் அனுப்ப விரும்பினால், வெளிநாட்டு நிதி பெறும் பதிவு இருக்கிறதா, எந்தக் கணக்கு என்று மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இருவரின் சாப்பாடு, தங்கும் இடம், உடன் வரும் வண்டிக்கு டீசல் எல்லாம் உங்கள் கைக்காசு. இதை நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்குறை வராது.

இனி காலம். ஜூனில் சென்னையிலிருந்து திருச்சி வரை வெயில், திருநெல்வேலிக்குத் தெற்கே காற்று. வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் வழி நெடுகக் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே கொட்டுகிறது. லாரி ஒன்று உங்களைத் தாண்டும்போது ஒரு கணம் காற்று மறைந்து, தாண்டியதும் பக்கவாட்டில் அடிக்கும். நாட்கணக்கில் மிதித்துக் களைத்த மனிதர் அந்த அடியில் சாலைக்குள் ஒதுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஆகவே ஜனவரி, காணும் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு. வெயில் தணிவாக இருக்கும், வடகிழக்கிலிருந்து வரும் காற்று பல இடங்களில் முதுகைத் தள்ளிவிடும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் அப்போது சாலையோரம் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்கள் கூட்டமாக வரும் இடங்களில் வேகத்தைக் குறைத்து மணியடித்துப் போங்கள்.

ஓய்வு பெற்றதற்கும் ஜனவரிக்கும் நடுவில் ஏழு மாதம் இருக்கிறது. மாமாவுக்கு அது வீணான காத்திருப்பு அல்ல. பணிமனைக்குப் போய் வருவதும் நெடுந்தூரம் மிதிப்பதும் ஒன்றல்ல என்பதை அவர் உடம்பு கற்றுக்கொள்ள அந்த நாட்கள் வேண்டும். அரை மணி மிதித்துவிட்டு இறங்குகிற உடம்புக்கு, ஐந்து மணி நேரம் சீட்டில் உட்காருவது புதிது. முதலில் கெடுவது காலல்ல. உட்காரும் இடம், உள்ளங்கை, கழுத்து.

முதல் இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாள், 25 கிலோமீட்டர் போதும். பொன்மலையிலிருந்து கல்லணைப் பக்கம் காலையில் போய் வரலாம். பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தூரத்தை மட்டும் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் குறைத்துவிடவேண்டும். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பு நீங்கள் திருச்சிக்குப் போய், மழை இல்லாத இரண்டு நாள் பார்த்து, இருவரும் சேர்ந்து மிதியுங்கள். முதல் நாள் தஞ்சாவூர், இரவு அங்கேயே தங்கி மறுநாள் திரும்பல். ஒரு நாள் நூறு கிலோமீட்டர் போய்விடுகிறவர்கள் நிறைய உண்டு. மறுநாள் காலை அதே சீட்டில் ஏறி உட்காருவதுதான் சோதனை. அதை வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

அவருடைய சைக்கிள். அதை விட்டு வர மாமாவுக்கு மனசு வராது, எனக்குப் புரிகிறது. ஆனால் கியர் இல்லாத அந்தக் கனமான வண்டியில் ஒவ்வொரு மேம்பாலமும் வலது முட்டியைத்தான் கேட்கும். கம்பி பிரேக் ஈரத்தில் சரியாகப் பிடிக்காது. நிமிர்ந்து உட்காரும்படியான கியர் சைக்கிள் ஒன்றை இப்போதே வாங்கி, இல்லை இரவல் வாங்கி, ஏழு மாதமும் அதிலேயே பழகட்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு புது சைக்கிள் என்றால் நான் சம்மதிக்கமாட்டேன். கன்னியாகுமரியில் கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு அந்தப் பழைய சைக்கிளை உடன் வரும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். அதில் ஏறியே கடற்கரைக்குப் போகட்டும்.

முட்டிவலிக்குக் காரணம் சீட்டாக இருக்கலாம். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்றவேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பது நம் ஊர் வழக்கம். அப்படி மிதிக்கும்போது முட்டி ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி, முட்டிச்சில்லு பின்னால் அழுந்தும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு மாமாவைச் சீட்டில் உட்காரவையுங்கள். ஒரு பெடலைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வைக்கச் சொல்லுங்கள். கால் அப்போது நேராக நீளவேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடக்கு மட்டும் மிஞ்சும். ஒரே நாளில் ஏற்றாதீர்கள், வாரத்துக்கு ஒரு விரற்கடை போதும். கியரை இலேசாக வைத்து, நிமிடத்துக்கு எண்பது சுற்று என்ற அளவில் காலை ஓடவிடச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் வலி குறையாவிட்டால், அல்லது முட்டி வீங்கினால், நேரில் காட்டவேண்டும்.

சர்க்கரை விஷயத்தில் மருத்துவரைப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டரும் கூட்டவேண்டாம். டிரெட்மில் பரிசோதனை, கண்ணின் விழித்திரை, பாதத்தின் உணர்ச்சி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு இறக்கும். நீண்ட நேரம் மிதித்த நாளில் தசைகள் இரவிலும் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். தூக்கத்தில் தாழ்ந்துவிட்டால் பக்கத்து அறையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. பயண நாட்களில் அந்த மாத்திரையை எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவர்தான் எழுதித் தரவேண்டும். நானோ நீங்களோ மாமாவோ அல்ல. டாபாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை ஏதும் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வெயிலில் உடம்பின் நீரை அது இன்னும் குறைக்கும்.

குளுக்கோமீட்டர் உங்கள் ஹேண்டில்பார் பையில் இருக்கட்டும். ஏறும் முன், வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, இறங்கிய பின், படுக்கும் முன். காலையில் 90-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்ட பிறகுதான் ஏறவேண்டும். 70-க்குக் கீழே போனால் அந்த இடத்திலேயே நின்று, மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது அதே அளவு குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்து மறுபடி பார்க்கவேண்டும். கோவில்பட்டியைத் தாண்டும்போது கடலைமிட்டாய் வாங்குவீர்கள், வாங்குங்கள். ஆனால் சர்க்கரை தாழ்ந்த நேரத்துக்கு அது உதவாது. கடலையிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் இரத்தத்துக்கு விடும். கை நடுங்குவதும் வியர்ப்பதும் சைக்கிள்காரருக்கு எப்போதும் உள்ளவைதான், அதை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். மாமா பேச்சைக் குறைத்தாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, வண்டி கோணலாகப் போனாலோ நிறுத்தி ஊசி குத்திப் பாருங்கள்.

ஒவ்வொரு நாள் மாலையும் அவர் பாதத்தைப் பார்க்கவேண்டும். மருமகளிடம் காலை நீட்டிக் காட்ட மாமாவுக்குக் கூச்சமாக இருக்கும். சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுத்து, உள்ளங்காலை அவரே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொப்புளமோ சிவப்போ இருந்தால் மறுநாள் ஓய்வு.

ஐந்து நாள் என்றால் நாளுக்கு 140 கிலோமீட்டர். நான் போடும் கணக்கு ஒன்பது நாள். முதல் நாள் மேல்மருவத்தூர், அடுத்து உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், நான்காம் நாள் மத்தியானத்துக்குள் திருச்சியில் சொந்த வீடு. ஐந்தாம் நாள் முழு ஓய்வு. பிறகு மேலூர், விருதுநகர், திருநெல்வேலி, கன்னியாகுமரி. எந்த நாளும் 110-ஐத் தாண்டாது. ஆறு மணிக்கு ஏறி, வெயில் உறைக்கும் முன் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். இருட்டில் மிதிக்கவே வேண்டாம். ஹெல்மெட், பளிச்சென்ற சட்டை, பகலிலும் எரியும் பின்விளக்கு இருவருக்கும். நாற்கரச் சாலையின் ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களும், பாலம் இறங்கும் இடத்தில் சர்வீஸ் ரோட்டுக்குத் திரும்பும் பஸ்களும்தான் அதிகம் கவனிக்கவேண்டியவை. கழிவறைக்குப் பெட்ரோல் பங்குகளையும் பெரிய உணவகங்களையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை மணிக்கு உள்ளே போகவேண்டும், வியர்வை அதிகமான நாளில் உப்புப் போட்ட மோரும் சேர்த்து.

முன்னால் மாமா போகட்டும், நீங்கள் பின்னால். வேகத்தை அவர்தான் தீர்மானிக்கவேண்டும். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் அவருக்குச் சரியான வேகம். எதிர்காற்று வந்தால் மட்டும் நீங்கள் முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒட்டி வருபவருக்கு நாலில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். ஞாயிறுதோறும் மாமல்லபுரம் போகிற உங்கள் கால்களுக்கு மெதுவாகப் போவது முதலில் கஷ்டமாக இருக்கும். அந்த ஒன்பது நாளும் நீங்கள் அவருடைய பயணத்தில் இருக்கிறீர்கள்.

அம்மாவின் பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். மாமா உங்கள் பேச்சைத் தட்டுவார். என் பேச்சையும் தட்டுவார். அக்கா பேச்சைத் தட்டமாட்டார் என்று உங்கள் கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. தினமும் மாலை சர்க்கரை அளவு, முட்டி, விரல், பாதம் நான்கையும் அம்மாவுக்கு போனில் சொல்லுங்கள். நாளைக்குப் போகலாமா, ஓய்வா என்பதை அவர் சொல்லட்டும். இதை இப்போதே மூவரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள். வேண்டாம் என்று வாசலில் நிற்பவர், தன் கையில் ஒரு பிடி இருக்கிறது என்று தெரிந்தால் சம்மதிப்பார்.

நீங்கள் கிளம்பப்போகும் அந்த அடையாறு மருத்துவமனை 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்காக அத்தனை வருடம் பாடுபட்டதற்குப் பின்னால், புற்றுநோயில் அவர் இழந்த தங்கை இருந்தார். வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று தவிப்பதை நான் தினமும் பார்க்கிறேன். மாமாவின் தவிப்பும் அதுதான். அதை ஜனவரி வரை தாங்கிக்கொள்ள அவருக்கு நீங்கள் துணையாக இருங்கள்.

மாமா மருத்துவரைப் பார்த்ததும், அடுத்து வருகிற ஞாயிறு திருச்சிக்குப் போங்கள். ஒரு ஸ்பேனரும் குளுக்கோமீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டை ஒரு விரற்கடை ஏற்றிவிட்டு, இருவரும் கல்லணை வரை போய் வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மாமாவை உங்கள் எதிரில் சட்டைப் பித்தானை அவிழ்த்துப் போடச் சொல்லிப் பாருங்கள். அவர் விரல் எப்படி நகர்ந்தது, ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் சர்க்கரை எவ்வளவு இருந்தது, முட்டியின் எந்தப் பக்கம் வலித்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த மாத அட்டவணையை அதை வைத்துப் போட்டுத் தருகிறேன்.